கிரீன்விச் பூங்கா: அப்பாவுக்குப் பூஜ்ஜியக் கோடு, அம்மாவுக்கு முட்டி வலி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அக்டோபர் இரண்டாம் வாரம் திருச்சியிலிருந்து அப்பா அம்மா லண்டன் வருகிறார்கள். கிரீன்விச் பூங்காவுக்கு ஒரு பகல் ஒதுக்கியிருக்கிறீர்கள். அப்பா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். கரும்பலகையில் ஆயிரம் தடவை வரைந்த, தீர்க்கரேகைகளை எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியக் கோட்டில் காலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார். அம்மாவுக்கு முட்டி வலி, மேடு ஏற முடியாது. டிக்கெட் எடுத்தே ஆக வேண்டுமா, அந்தக் கோட்டில் நின்றால் கைபேசி பூஜ்ஜியம் காட்டுவதில்லையாமே, அப்படியென்றால் கோடே பொய்யா என்று இரண்டு உபகேள்விகள். இதற்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பது, ஒரு கோட்டுக்காக வயதானவர்கள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகலாமா என்பது.

போகலாம். ஆனால் கோட்டுக்காக மட்டும் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நான் தொழிலால் நில அளவையாளன். ஊரில் பாலிடெக்னிக்கில் சர்வே படித்து, கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்து, பிறகு இங்கே கட்டுமான வேலைகளுக்கு அளவு குறித்துக் கொடுக்க வந்தவன். பதினாறு வருஷமாக அந்தப் பூங்காவுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவது என் பொறுப்பு என்று வீட்டில் முடிவாகி ரொம்ப நாளாகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் பத்தாவது நிமிஷம் "அடுத்து எங்கே?" என்பார்கள். அதே ஆட்களை மேட்டு விளிம்பில் ஆற்றைப் பார்த்து நிறுத்திவிட்டால், கிளப்புவது கஷ்டம். அந்த மேட்டில் நடந்த வேலையெல்லாம் கீழே ஆற்றில் போன கப்பல்களுக்காக நடந்தது. அப்பாவுக்கு அதை அங்கே நின்று காட்டுங்கள், கோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 183 ஏக்கர். 1433இல் குளோஸ்டர் கோமகன் ஹம்ஃப்ரி வேலி போட்டு வளைத்த நிலம். லண்டனின் அரச பூங்காக்களில் முதலில் வளைக்கப்பட்டது இதுதான். கீழே ஆற்றங்கரையில் அப்போது அரண்மனை இருந்தது. எட்டாம் ஹென்றி 1491இலும் முதலாம் எலிசபெத் 1533இலும் அங்கேதான் பிறந்தார்கள். அந்த அரண்மனை இன்று இல்லை. அதன் இடத்தில் நீங்கள் பார்க்கப் போவது, ஊனமுற்ற, வயதான கடற்படை வீரர்களுக்காகக் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த வெள்ளைக் கட்டடங்கள். அவை நடுவில் பிளந்து இரண்டு பாதியாக நிற்பதை அப்பா உடனே கவனிப்பார். காரணம், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வெள்ளை மாளிகை. இனிகோ ஜோன்ஸ் 1616இல் கட்டத் தொடங்கிய ராணி மாளிகை அது. அங்கிருந்து ஆற்றைப் பார்க்கும் பார்வையை மறைக்கக் கூடாது என்று இரண்டாம் மேரி அரசி பிடிவாதமாக இருந்தார். அதனால் ரென் தன் கட்டடத்தை இரண்டாக ஒதுக்கி நடுவில் வழி விட்டார்.

மேட்டு உச்சியில் இருக்கும் வானாய்வுக்கூடமும் ரென் கைவேலைதான். 1675இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கட்டளையிட்டார். கடலில் கிழக்கே எவ்வளவு தூரம் வந்தோம், மேற்கே எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியாமல் கப்பல்கள் பாறையில் மோதிக்கொண்டிருந்த காலம். அதற்கு விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க ஆள் வேண்டும். ஜான் ஃபிளாம்ஸ்டீட் முதல் அரச வானியலாளர் ஆனார். ஆனால் காசு கிடையாது. 520 பவுண்டு சொச்சத்தில் முடித்தார்கள். செலவை மிச்சம் பிடிக்க, அங்கே ஏற்கெனவே நின்ற ஹம்ஃப்ரி கோபுரத்தின் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே கட்டிவிட்டார்கள். அந்த அஸ்திவாரம் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 13 பாகை திரும்பியிருந்தது! வடக்கு தெற்குக் கோட்டில் நட்சத்திரம் கடப்பதைப் பார்க்கக் கட்டிய கட்டடமே கோணல். ஃபிளாம்ஸ்டீட் தன் முக்கியமான அளவுகளை எல்லாம் தோட்டத்து மூலையில் ஒரு கொட்டகையில்தான் எடுத்தார். இந்தக் கதையைச் சொன்னால் எந்தச் சர்வேயரும் சிரிக்காமல் இருக்க மாட்டார். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட மேலாளர்களை எல்லா நாட்டிலும் பார்த்திருக்கிறோம்.

இனி மத்தியானம் ஒரு மணிக்கு நடக்கும் விஷயம். ரென் கட்டிய அந்தக் கூடத்துக்கு இன்று ஃபிளாம்ஸ்டீட் வீடு என்று பெயர். அதன் கூரையில் ஒரு கம்பம், அதில் ஒரு சிவப்புப் பந்து. 1833இல் வைத்தது. 12:55க்குப் பந்து பாதிக் கம்பம் ஏறும், 12:58க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். ஆற்றில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதற்காகவே ஆள் காத்திருப்பான். கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு கடலுக்குப் போனால், நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைக் கிரீன்விச் நேரத்தோடு ஒப்பிட்டுத் தான் நிற்கும் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேர வித்தியாசம் 15 பாகை. ஏன் பன்னிரண்டுக்கு இல்லாமல் ஒரு மணிக்கு என்றால், நண்பகலில் வானியலாளர்கள் சூரியன் கோட்டைக் கடப்பதைப் பார்ப்பதில் மும்முரமாக இருப்பார்கள். நேரம் என்பது பந்து இறங்கத் தொடங்கும் கணம், கீழே வந்து சேரும் கணம் அல்ல. நான் படம் பிடிக்கப் போய் இரண்டு தடவை தவறவிட்டிருக்கிறேன். கைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். காற்று பலமாக அடித்தால் பந்தை ஏற்ற மாட்டார்கள், அதற்கு யாரும் பொறுப்பில்லை.

சரி, அம்மாவின் முட்டி. எல்லோரும் ஆற்றுப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து செங்குத்தான புல்சரிவில் ஏறுவார்கள். மேடு மலைக்கோட்டையில் பாதி உயரம்தான், கடல் மட்டத்திலிருந்து சுமார் 45 மீட்டர். படி கிடையாது, ஆனால் ஒரே ஏற்றம். உங்களுக்கு அது வேண்டாம். பூங்காவின் தெற்கு எல்லையே மேட்டின் தலை. அங்கே பிளாக்ஹீத் வாசல் என்று ஒரு நுழைவு இருக்கிறது. 53ஆம் எண் பேருந்து அந்தப் பக்கமாகப் போகும், டாக்சியையும் அங்கே நிறுத்தச் சொல்லலாம். வாசலிலிருந்து இருபுறமும் மரம் வைத்த நேரான சாலை, தரை சமதளம், வழியில் பெஞ்சுகள். அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் நேராக விளிம்பில் இருக்கும் சிலைக்கு வந்துவிடுவீர்கள். ஓர் அடி கூட ஏற வேண்டியதில்லை. டாக்சிக்காரரிடம் பாடப்புத்தக உச்சரிப்பில் 'கிரீன்விச்' என்று சொல்லாதீர்கள், இங்கே அது 'கிரெனிச்'. திரும்பும்போது ஆற்றுப் பக்கம் இறங்கிவிடலாம் என்று தோன்றும். முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி என்பதை என் அம்மாவிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். வந்த வழியே திரும்புங்கள். உங்கள் அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது, அதை அவரிடமும் அவருடைய டாக்டரிடமும்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மேலே போவதற்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். டிஎல்ஆர் என்ற உள்ளூர் இலகு ரயிலில் ஐலண்ட் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். அது ஆற்றின் வடகரை. சில நிமிஷ நடையில் கரையோரச் சின்னத் தோட்டம், கைப்பிடிச் சுவர், பெஞ்சு. எதிரே முழுப் படமும் ஒரே சட்டத்தில் கிடைக்கும்: தண்ணீர், அதன் மேல் ரென்னின் இரண்டு பாதிகள், நடுச் சந்தில் ராணி மாளிகை, அதற்கு மேலே பச்சை மேடு, தலையில் வானாய்வுக்கூடம். மாலுமி பார்த்த கோணம் இதுதான். தேம்ஸ் இங்கே கடலோடு ஏறி இறங்கும் ஆறு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஆறேழு மீட்டர் வித்தியாசம் இருக்கும். வற்றிய நேரம் என்றால் எதிர்க்கரையில் படிக்கட்டுக்குக் கீழே கூழாங்கல்லும் சேறும் தெரியும். ஆற்றுக்கு அடியில் 1902இல் திறந்த நடைச் சுரங்கம் ஒன்று இருக்கிறது, அப்பாவுக்கு ஆசையாக இருக்கும். அதன் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் சுழல்படிதான் கதி. அம்மாவோடு என்றால் மறுபடி ரயிலேறி அடுத்த நிலையமான கட்டி சார்க்கில் இறங்குங்கள், அந்த ரயிலும் ஆற்றுக்கு அடியில்தான் போகிறது. அங்கே அதே பெயர் கொண்ட 1869ஆம் ஆண்டுத் தேயிலைக் கப்பலை வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு டாக்சி பிடித்து பிளாக்ஹீத் வாசலுக்குப் போனால், 12:40க்கு விளிம்பில் இருக்கலாம்.

விளிம்பில் சிலையாக நிற்பது ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் வுல்ஃப். 1759இல் கனடாவின் கியூபெக்கைப் பிடிக்கும் போரில் இறந்தவர். அவர் வீடு இந்தப் பூங்காவை ஒட்டி இருந்தது. சிலை கனடாக்காரர்கள் கொடுத்தது. 1930இல் அதைத் திறந்துவைத்தவர், அதே போரில் எதிரணியில் நின்று இறந்த பிரெஞ்சுத் தளபதி மோன்கால்மின் வழிவந்தவர். பீடத்தின் பின்பக்கம் போய்க் கையால் தடவிப் பாருங்கள், கல்லில் குழிகுழியாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டின் சிதறல். பெரும்பாலானவர்கள் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முன்பக்கக் காட்சியைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன்: காலடியில் மாளிகை, பின்னால் ஆறு வளைந்து திரும்பும் இடம், எதிரே கேனரி வார்ஃப் கண்ணாடிக் கோபுரங்கள், வானம் தெளிவாக இருந்தால் இடது கோடியில் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடம். நானூறு வருஷத்தை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். அம்மாவை அங்கேயே பெஞ்சில் உட்கார வையுங்கள். மேலே காற்று ஊசி மாதிரி குத்தும், காதை மறைக்க ஏதாவது இருக்கட்டும்.

டிக்கெட் பற்றி. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கட்டணம் வானாய்வுக்கூடத்தின் உள்ளே போவதற்கு. பதித்த கோடு இருக்கும் முற்றமும் அதற்குள்தான். ஆனால் முற்றத்து மதிலுக்கு வெளியே, வடக்குப் பக்கம் கீழே இறங்கும் நடைபாதையில் அதே கோடு சுவர் வழியாக இறங்கித் தொடர்கிறது. அதில் நிற்கக் காசு கிடையாது, வரிசையும் கிடையாது. அந்தப் பாதைக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதில் பொருள் உண்டா என்றால், அப்பாவுக்கு உண்டு என்பேன். ஜான் ஹாரிசன் செய்த கடல் கடிகாரங்களும், அந்தப் பூஜ்ஜியக் கோடு எது என்பதையே நிர்ணயித்த, ஜார்ஜ் ஏரி என்ற அரச வானியலாளரின் தொலைநோக்கியும் உள்ளேதான். வானாய்வுக்கூடத்தில் புதுப்பிப்பு வேலைகளுக்காக அவ்வப்போது சில பகுதிகளை மூடுகிறார்கள், அதனால் பணம் கட்டும் முன் அவர்கள் இணையதளத்தில் அந்தத் தேதியைப் பாருங்கள். அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். எட்டிப் பார்த்து முடிக்கிற விஷயத்துக்கு அது அதிகம்.

வாசல் சுவரிலேயே இரண்டு பொருட்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒன்று, 1852இல் வைத்த ஷெப்பர்டு கடிகாரம். அதன் முகத்தில் 24 மணி. நண்பகல் அடியில் இருக்கும். அதனால் மத்தியானம் மணி முள் நேர் கீழே தொங்கும், பார்ப்பவர் ஆறு மணி என்று நினைத்துவிடுவார். அது வருஷம் முழுக்கக் கிரீன்விச் நேரத்தை மட்டும் காட்டும். நீங்கள் போகும் அக்டோபர் நடுவில் ஊர் இன்னும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்த கோடை நேரத்தில் இருக்கும், ஆக உங்கள் கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி பின்னால் இருக்கும். பந்து மட்டும் ஊர்க் கடிகாரப்படி ஒரு மணிக்கே விழும். அப்போது ஷெப்பர்டில் 12 என்று இருக்கும். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், அவரே கண்டுபிடிக்கட்டும். இன்னொன்று, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த பொது அளவுகோல்கள்: ஒரு கெஜம், இரண்டு அடி, ஓர் அடி. தங்கள் அளவுகோல் சரியா என்று யார் வேண்டுமானாலும் வந்து பொருத்திப் பார்க்கலாம். என் கட்டைவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை ஒரு சாண் எத்தனை அங்குலம் என்று அங்கேதான் நான் சரிபார்த்துக்கொண்டேன்.

இப்போது கைபேசி விவகாரம். கோடு பொய் இல்லை, கைபேசியும் பொய் இல்லை. கோட்டில் நின்றால் கைபேசி பூஜ்ஜியம் காட்டாது என்பது உண்மை. அதன் பூஜ்ஜியம் 102 மீட்டர் கிழக்கே, புல்வெளிப் பக்கமாக விழும். கண்டங்கள் நகர்ந்ததால் இப்படி ஆனது என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. நிலத்தட்டு நகர்வது வருஷத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். ஏரி தொலைநோக்கி வைத்த 1850இலிருந்து கணக்குப் போட்டாலும் நாலைந்து மீட்டர்கூடத் தேறாது. உண்மையான காரணம் நம் கொத்தனாருக்குத் தெரிந்த விஷயம். சுவர் நேராக இருக்கிறதா என்று அவர் தூக்குக்குண்டு விடுவார். தரை சமமா என்று ரசமட்டம் வைப்பார். ஏரியும் தன் தொலைநோக்கியின் நேர் மேல், நேர் கீழ் எது என்று தெரிந்துகொள்ளப் பாதரசத் தொட்டியைத்தான் பயன்படுத்தினார், சொல்லுக்குச் சொல் ரசமட்டம். ஆனால் பூமிக்குள் பாறையின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. அதனால் தூக்குக்குண்டு பூமியின் மையத்தை அப்படியே குறிபார்த்துத் தொங்காது, இம்மியளவு ஒரு பக்கம் சாயும். கிரீன்விச்சில் அந்தச் சாய்வு கிழக்கு மேற்காக சுமார் 5.3 விநாடிக் கோணம். ஒரு பாகையை 3,600 பங்கு போட்டால் அதில் ஐந்தே சொச்சம் பங்கு. அந்த இம்மிதான் தரையில் 102 மீட்டர். செயற்கைக்கோள் பூமியின் மையத்தைச் சுற்றுகிறது, உள்ளூர்த் தூக்குக்குண்டைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. முற்றத்தில் ஏரியின் கோட்டுக்கு மேற்கே சுமார் ஆறு மீட்டரில், அவருக்கு முந்தைய அரச வானியலாளர் பிராட்லியின் பழைய கோடு வேறு இருக்கிறது. ஆக ஒரே மேட்டில் மூன்று பூஜ்ஜியங்கள். 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி உலகத்துக்குப் பொதுவாக ஏற்றது ஏரியின் கோட்டை. 22 நாடுகள் ஆதரித்தன, ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்காமல் இருந்தன. அப்பா எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று கேட்டால் ஏரியுடையது என்பேன், பாடப்புத்தகத்தில் அவர் வரைந்தது அதுதான். பிறகு கிழக்கே நடந்து கைபேசியில் பூஜ்ஜியம் வரும் இடத்தையும் தேடச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை அங்கே பலகை எதுவும் இல்லை. இரண்டு பேர் கைபேசியை நீட்டிக்கொண்டு குழம்பி நிற்பார்கள், அதுதான் அடையாளம்.

அப்பாவுக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தக் கோட்டுக்கும் நமக்கும் இடையே ஒரு தொடர்பு சென்னை நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே வானாய்வுக்கூடம் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழிலும் எழுத்துப் பொறித்தது, இன்றும் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கூடத்தின் நேரம்தான் மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முன்னால். 1906இல் 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டு ஐந்தரை மணி இந்திய நேரம் வந்தது. ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய பெரும் நில அளவையும் மெட்ராஸ் கூடத்தின் தீர்க்கரேகையைப் பிடித்துத்தான் நடந்தது. திருச்சிக்கு வரைந்த பழைய நிலப்படங்களின் பின்னால் நுங்கம்பாக்கம், அதன் பின்னால் இந்த மேடு.

வழிகாட்டிகள் சொல்வதில் எதை நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலிசபெத் ஓக் என்று ஒரு மரம் வேலிக்குள் விழுந்து கிடக்கும். மரம் பல நூற்றாண்டு பழையது, 1991இல் சாய்ந்தது, இதெல்லாம் உறுதி. எட்டாம் ஹென்றி அதைச் சுற்றி ஆன் பொலினோடு நடனமாடினார் என்பது கதை, கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1894 பிப்ரவரியில் பிரெஞ்சு இளைஞர் மார்ஷியல் பூர்தேன் கையிலிருந்த வெடிகுண்டு வானாய்வுக்கூடத்துக்குக் கீழே பாதையில் வெடித்து அவர் இறந்ததும் உண்மை. எதைத் தகர்க்க வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுபவரை நம்பாதீர்கள்.

அம்மாவுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தால், மரங்களும் கிளிகளும். 1660களில் நட்ட இனிப்புச் செஸ்ட்நட் மரங்கள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அடிமரத்துப் பட்டை தேர்வடம் முறுக்கியதுபோல் மேலே சுற்றிச் சுற்றிப் போகும், கை வைத்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கும். நீங்கள் போகும் சமயம் முள்ளுக் கூட்டோடு காய் கொட்டிக் கிடக்கும். அம்மா முந்தானையில் பொறுக்கப் பார்ப்பார்; பூங்கா விதிப்படி பொறுக்கக் கூடாது, அணில்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் விட்டுவிடச் சொல்கிறார்கள். அப்புறம் தலைக்கு மேலே ஒரு கீச்சுச் சத்தம் கேட்கும், நிமிர்ந்தால் பச்சைக்கிளி! நம் ஊர்த் தோப்பில் இருக்கும் அதே சிவப்பு மூக்கு, கழுத்தில் அதே வளையம். எப்படி வந்தன என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கூண்டிலிருந்து தப்பியும் விடுபட்டும் பெருகியவை என்பதுதான் நம்பும்படியானது. என் அம்மா வந்தபோது வுல்ஃபையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. அரை மணி நேரம் அந்தக் கிளிகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லை. வானாய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் பெவிலியன் கஃபேயில் தேநீர் கிடைக்கும். மாலை நேரம் மிச்சமிருந்து அம்மா கோயில் கேட்டால், அதே டிஎல்ஆர் பாதையின் கடைசி நிலையம் லூயிஷம். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சிவன் கோயில் இருக்கிறது. நடை திறக்கும் நேரத்தை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.